தண்ணீர் மாதிரி ஓடிய கார்

காரை விற்கும்போது மச்சான் பொய் சொல்லவில்லை. "தண்ணி மாதிரி ஓடும் மாப்பிள்ளை, கண்ண மூடிட்டு எடுத்துக்கலாம்" என்றார். மாப்பிள்ளையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொண்டார். வாங்கிய முதல் வாரமே தண்ணீர் ஓட ஆரம்பித்துவிட்டது. ஏசியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் போய் ஒரு வளைவில் திரும்பினால் போதும், டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து அரைச் சொம்புத் தண்ணீர் பக்கத்து இருக்கைக்காரரின் பாதத்தில் சளக்கென்று விழும்.

பக்கத்து இருக்கைக்காரர் அவருடைய மனைவி. கடைத்தெருவில் தையல் கடை வைத்திருப்பவள். ஒரு வாரம் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அடுத்த வாரம் இரண்டு பாதத்துக்கும் பிளாஸ்டிக் பை மாட்டி, கணுக்காலில் ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு வந்தாள். சிக்னலில் பக்கத்தில் நின்ற ஸ்கூட்டர்காரர் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, "இதுக்கு ஒரு வழி பண்ணுங்க. இல்லாட்டி நான் பஸ்ல போறேன். நீங்க மட்டும் குளிச்சுக்கிட்டே வாங்க" என்றாள்.

கணவருக்கு வீட்டுச் சாமான்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. மிக்சி, வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் எது வாங்கினாலும் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்குமே, அதை எழுதுவது அவர்தான். ஆபீசில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. உரையாசிரியர் என்றுதான் கூப்பிடுவார்கள். மூலத்தை எஞ்சினியர்கள் எழுதுவார்கள், அது யாருக்கும் புரியாது. இவர் அதற்கு உரை எழுதுவார், அதை யாரும் படிக்கமாட்டார்கள். பெட்டியைப் பிரித்ததும் ஜனங்கள் முதலில் தூக்கிப்போடுவது தெர்மோகோலை, அடுத்தது உரையாசிரியரை. இது அவருக்கும் தெரியும். தெரிந்தும் ஒற்றெழுத்துப் பிழை இல்லாமல்தான் எழுதுவார்.

காரை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். மெக்கானிக் கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, "ரப்பர் போயிடுச்சு சார்" என்று நான்கு கதவுக்கும் ரப்பர் மாற்றினார். தண்ணீர் நிற்கவில்லை. "அப்போ கண்ணாடி ஓரம்" என்று முன்கண்ணாடியைச் சுற்றிக் கறுப்புப் பசை பூசினார். காருக்குக் கண்மை தீட்டியது போல் இருந்ததே தவிர, தண்ணீர் நிற்கவில்லை. மூன்றாவது தடவை போனபோது அவர் காரைப் பார்க்கவே இல்லை, வானத்தைப் பார்த்தார்.

"மழையில நிறுத்தாதீங்க சார்."

"மழையே பெய்யலையே."

"அப்ப கழுவாதீங்க."

வீட்டுக்கு வந்தவர், டேஷ்போர்டு டிராயரில் இருந்த காரின் கையேட்டை எடுத்தார். காரோடு அதுவும் மச்சான் வீட்டிலிருந்து வந்ததுதான். இன்னும் கண்ணாடித்தாள் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. தொழில்முறை மரியாதையோடு பிரித்தார். தாள் வழவழப்பாக இருந்தது. எழுத்து அழகாக இருந்தது. 'கோளாறுகளும் தீர்வுகளும்' என்று ஒரு பகுதி. அதில் 'காரின் உட்புறத்தில் ஈரம் காணப்பட்டால்' என்று அச்சடித்தாற்போல் அவருடைய கோளாறே இருந்தது. அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதற்கு நேரே தீர்வு: 'அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தை அணுகவும்.'

மேல்வரியைப் பார்த்தார். 'வழக்கத்துக்கு மாறான ஒலி கேட்டால்': அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தை அணுகவும். கீழ்வரியைப் பார்த்தார். 'வழக்கத்துக்கு மாறான வாசனை வந்தால்': அதே மையம்.

அந்த வாக்கியம் அவருக்குப் புதிதல்ல. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு விசையைத் தட்டினால் வாக்கியம் முழுசாக வந்து விழும்படி செய்து வைத்திருக்கிறார். மிக்சி சுற்றவில்லையா, ஒரு தட்டு. ஃபிரிட்ஜில் ஐஸ் கட்டவில்லையா, ஒரு தட்டு. எந்தக் கோளாறுக்கும் அவர் விரலிலேயே மருந்து இருந்தது. இப்போது வளர்த்த கிடா மார்பில் பாய்ந்தது.

மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "இது நீங்க எழுதினதா?"

"இல்ல. ஆனா நான் எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன்."

"அதத்தான் கேட்டேன்."

சேவை மையத்தையும் அணுகித்தான் பார்த்தார். அந்தக் கார் கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு போய் ரொம்ப நாளாகியிருந்தது. கையேட்டில் போட்டிருந்த விலாசத்தில் இப்போது மெத்தைக் கடை இருந்தது. விற்பனையாளர் அவர் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"கார் விஷயமா? அடிக்கடி வர்றாங்க சார். அலைஞ்சு களைச்சுப் போயிருப்பீங்க, இதுல கொஞ்சம் படுத்துப் பாருங்க."

உரையாசிரியர் படுத்துப் பார்த்தார். திரும்பி வரும்போது கையில் ஒரு தலையணை இருந்தது. மனைவி அதைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், தலையணைக்கு உறை தைத்துப் போட்டாள்.

அவள்தான் பழைய புத்தகக் கடைக்குப் போகலாம் என்றாள். சாவி போடும் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே, பக்கவாட்டில் நுழையவேண்டிய அகலத்தில் அந்தக் கடை இருந்தது. கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் கடித்துக்கொண்டிருந்தார்.

"கார் ரிப்பேர் புத்தகம் இருக்கா?" என்று உரையாசிரியர் கேட்டார்.

"என்ன உயரம்?"

"உயரம் இல்லங்க. கார் ரிப்பேர்."

"புரியுது சார். தலைப்பு பாத்து அடுக்கினா ஒண்ணு நெட்டையா நிக்குது, ஒண்ணு குட்டையா நிக்குது, பாதி எடம் வீணாப் போவுது. நம்ம கடையில உயரம்தான் கணக்கு. கையால காட்டினாக்கூடப் போதும்."

அகரவரிசையிலேயே மூச்சு விடும் மனிதர் உரையாசிரியர். பொருளடக்கம் இல்லாத உலகம் என்னவாகும் என்று அவர் கடைக்காரருக்கு விளக்க ஆரம்பித்தார். கடைக்காரர் வெள்ளரிக்காயைக் கடித்தபடி மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அதற்குள் மனைவி கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து ஒவ்வொரு தட்டாக வைத்துப் பார்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"என்ன பண்றே?"

"நம்ம வண்டி டிராயருக்கு உறை தைக்க அளந்து வெச்சிருக்கேன். ரிப்பேர் புத்தகத்த வண்டியிலதானே வெச்சுக்குவாங்க? அப்ப அதுக்குள்ள அடங்குற மாதிரிதானே அடிச்சிருப்பாங்க?"

"அப்படியெல்லாம் யாரும் யோசிச்சு அடிக்கமாட்டாங்க. எங்க கம்பெனியில நாங்க யோசிச்சதே இல்ல."

அவள் குனிந்து, கர்ப்பிணிகளுக்கான உடற்பயிற்சி நூலுக்கும் காலாவதியான ரயில்வே அட்டவணைக்கும் நடுவிலிருந்து ஒரு புத்தகத்தை உருவினாள். அட்டையில் அவர்களுடைய காரின் படம் இருந்தது. மேலே 'பொறுமையாகக் கழற்றுங்கள்' என்று தலைப்பு. எழுதியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'இந்தக் காரிடம் பலமுறை தோற்றவர்' என்று மட்டும் போட்டிருந்தது.

உரையாசிரியர் அதைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் கறுப்புக் கிரீஸில் கட்டைவிரல் ரேகைகள். சில தாள்களில் எண்ணெய் ஊறி மறுபக்கத்துப் படம் இந்தப் பக்கம் தெரிந்தது. யாரோ உண்மையிலேயே படித்த கையேடு. வாழ்க்கையில் முதன்முதலாக அப்படி ஒன்றைக் கையில் பிடித்திருந்தார். பக்கத்து வீட்டுக் குழந்தை நன்றாகப் படிக்கிறது என்று கேள்விப்பட்டால் வருமே, அந்த மாதிரி வயிற்றில் ஒரு எரிச்சல் வந்தது.

வீட்டில் அதைக் குறை சொல்வதற்காகவே படித்தார். "பாரு, 'நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்' னு கேக்கறான். கையேட்டுல கேள்வி கேக்கக்கூடாது. வாடிக்கையாளர் குழம்பிடுவாங்க." அடுத்த பக்கத்தில், "பாரு, 'நானும் இதை உடைத்தேன்' ங்கறான். இதெல்லாம் எழுதலாமா? கம்பெனி மானம் என்ன ஆகும்?"

"அவருக்கு ஏது கம்பெனி? அவரு தனி ஆளு" என்றாள் மனைவி, பொத்தான் தைத்துக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உரையாசிரியர் பழைய படுக்கை விரிப்போடு குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்துக்கு இறங்கினார். புத்தகத்தை நடுப்பக்கமாகத் திறந்து படத்தைப் பார்த்தார். ஊருக்கெல்லாம் 'பயன்படுத்தும் முன் முழுவதையும் படிக்கவும்' என்று எழுதுகிறவர், தாம் ஒரு கையேட்டையும் முதல் பக்கத்திலிருந்து படித்ததில்லை. எழுதுகிறவனுக்கு எதற்கு வாசிப்பு என்ற எண்ணம். ஏசிப் பெட்டி டேஷ்போர்டுக்குப் பின்னால் இருப்பது படத்தில் தெளிவாகத் தெரிந்தது. தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது. எனவே டேஷ்போர்டைக் கழற்றவேண்டும். தர்க்கம் சரியாகத்தான் இருந்தது.

படங்கள் அபாரமாக இருந்தன. எந்தத் திருகு எங்கே ஒளிந்திருக்கிறது, எந்த இடத்தை இழுக்காமல் தள்ளவேண்டும் என்று காட்டின, எல்லாமே காட்டியபடி கழன்று வந்தன. கழற்றக் கழற்ற அவருக்குத் தலை நிமிர்ந்தது. டிராயர் வந்தது, ரேடியோ வந்தது, காற்று வரும் மூக்குகள் வந்தன. விரிப்பின் மேல் வரிசையாக அடுக்கினார், உயரப்படி அல்ல. வாட்ச்மேன் சுற்றி வந்து பார்த்தார்.

"விக்கப்போறீங்களா சார்?"

"இல்லப்பா, ரிப்பேர்."

"இல்ல, தனித்தனியா வெச்சிருக்கீங்களே, கேட்டேன்."

கடைசிப் படத்துக்கு வந்தார். ஏசிப் பெட்டி கண்ணெதிரே இருந்தது. அதில் ஓட்டையும் இல்லை, ஒழுகலும் இல்லை. படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் இரண்டு வரி இருந்தது. வாய்விட்டுப் படித்தார்.

'ஈரத்துக்காக இவ்வளவு தூரம் வந்தீர்களா? அப்படியானால் முப்பத்தோராம் பக்கத்தைப் படிக்காமல் வந்திருக்கிறீர்கள். வெட்கப்படாதீர்கள், நானும் இப்படித்தான் வந்தேன்.'

உரையாசிரியர் காருக்குள்ளேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங் மட்டும் கம்பத்தில் குத்தி வைத்த தட்டுபோல் தனியாக நின்றது. மனைவி தேநீர் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தவள், விரிப்பைப் பார்த்தாள்.

"வெட்டிட்டீங்களா?"

"என்ன?"

"அளக்காமயே வெட்டிட்டீங்களான்னு கேக்கறேன். குடுங்க இப்படி."

புத்தகத்தை வாங்கிக்கொண்டு ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். முப்பத்தோராம் பக்கத்தை எடுத்து, கடைக்கு வரும் பெண்களுக்கு ஜாக்கெட் அளவு படித்துக்காட்டுகிற அதே குரலில் படித்தாள்.

"'தண்ணீரை விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். இனிப்பு வாசனை வந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம் கசிகிறது, ஐம்பதாம் பக்கம் போங்கள்.' வாசனை வருதா?"

மிதியடியில் தேங்கியிருந்ததைத் தொட்டு முகர்ந்தார். "உன் செருப்பு வாசனைதான் வருது."

"'வாசனை இல்லையென்றால் அது வெறும் தண்ணீர். ஏசி ஓடும்போது ஊறும் தண்ணீர் காருக்கு அடியில் சொட்டவேண்டும். உங்கள் கார் நின்ற இடத்தில் தரை நனைந்திருந்ததா?'"

இருவரும் தரையைப் பார்த்தார்கள். வாட்ச்மேனும் குனிந்து பார்த்தார். "இந்த வண்டி நிக்குற எடம் எப்பவும் காஞ்சுதான் கெடக்கும்" என்றார்.

"'சொட்டவில்லை என்றால் எங்கே போகிறது என்று நினைக்கிறீர்கள்?'"

"உன் காலுக்கு" என்றார் உரையாசிரியர். கையேட்டில் கேட்ட கேள்விக்குத் தாம் பதில் சொல்லிவிட்டதை அப்புறம்தான் உணர்ந்தார்.

வழி சுலபமாக இருந்தது. காருக்கு அடியில், கட்டைவிரல் பருமனில் ஒரு ரப்பர் குழாய் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். அதில் அடைப்பு. வளையக்கூடிய, முனை மழுங்கிய எதையாவது விட்டு மெதுவாகக் குத்தவேண்டும். மனைவி மேலே போய், பாவாடைக்கு நாடா கோக்கிற பிளாஸ்டிக் குச்சியை எடுத்து வந்தாள். உரையாசிரியர் புதுத் தலையணையைக் கேட்டு வாங்கித் தலைக்கு வைத்துக்கொண்டு காருக்கு அடியில் மல்லாந்து படுத்தார். குழாய் அவர் மூக்குக்கு நேர் மேலே இருந்தது. குளவி கட்டிய மண்ணால் அதன் வாய் அடைபட்டிருந்தது.

"கெடைச்சுதா?"

"கெடைச்சுது. குத்தறேன். மண்ணு உதிருது. என்னமோ வர்ற மாதிரி..."

மச்சான் காலத்திலிருந்து சேர்ந்த தண்ணீர் அத்தனையும் ஒரே மூச்சில் வந்தது. குளவிக்கூடு முதலில், சேறு அடுத்து, கடைசியில் பச்சையாக ஏதோ ஒன்று. அவர் பேசிக்கொண்டிருந்ததால் வாய் திறந்திருந்தது. மேலே மனைவி நிதானமாகப் பக்கத்தைத் திருப்பினாள்.

"'எச்சரிக்கை: குழாய்க்கு நேர் கீழே முகத்தை வைக்காதீர்கள்.'"

காருக்கு அடியிலிருந்து தும்மலும் இருமலும் வந்தன. பிறகு இரண்டு கால்கள் உதைத்துக்கொண்டன. உரையாசிரியர் ஊர்ந்து வெளியே வந்தார். மீசையில் சேறு, புருவத்தில் குளவிக்கூட்டின் ஒரு துண்டு. மனைவி முந்தானையைக் கையில் எடுத்துக்கொண்டு பயந்துபோய் அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் அவள் கல்யாணமான நாளிலிருந்து பார்த்திராத ஒரு பூரிப்பு இருந்தது.

"தப்பு பண்ணிட்டான்" என்றார்.

"யாரு?"

"எழுதினவன். எச்சரிக்கை செயலுக்கு முன்னாடி வரணும். பின்னாடி வரக்கூடாது. அதுவும் அடுத்த பக்கத்துல. இது பாலபாடம். நான் ஒரு தடவகூட இந்தத் தப்ப பண்ணினதில்ல." சேற்றைத் துப்பிவிட்டு, "மத்தபடி அருமையா எழுதியிருக்கான்" என்றார்.

மாலைக்குள் டேஷ்போர்டைப் பழையபடி மாட்டினார்கள். இந்தத் தடவை அவள் படிக்க, அவர் மாட்டினார். ஒரு பிடி திருகுகள் மீந்தன. அதற்கும் புத்தகத்தில் வழி இருந்தது: 'ஓட்டிப் பாருங்கள். எது ஆடுகிறதோ, அதனுடையது அது.' ஊரைச் சுற்றினார்கள், வளைவாகத் தேடிப்போய்த் திரும்பினார்கள். ரேடியோ கொஞ்சம் ஆடியது. மனைவியின் பாதத்தில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. திரும்பி வந்து காரை நிறுத்தியபோது அடியில் சொட்டுச் சொட்டென்று சத்தம் கேட்டது. இருவரும் இறங்காமல் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

திங்கட்கிழமை அவர் மேசைக்குப் புது வாஷிங் மெஷினுக்கான மூலம் வந்தது. எழுதிக்கொண்டே போனார். 'தண்ணீர் வெளியேறவில்லையா?' என்று தட்டினார். விரல் பழக்கத்தில் அந்த விசையை நோக்கிப் போனது. அதற்கு மேலேயே, தட்டாமல் நின்றது. பிறகு எழுந்து, மூல ஆசிரியரான எஞ்சினியரிடம் போனார்.

"தண்ணி வெளிய போகலன்னா என்ன காரணம்?"

எஞ்சினியர் திகைத்துப் போனார். இத்தனை வருஷத்தில் உரையாசிரியர் அவரிடம் கேட்கும் முதல் கேள்வி அது. "முக்காவாசி ஃபில்டர்ல ஏதாவது மாட்டியிருக்கும். காசு, ஹேர்பின், பொத்தான். கீழ மூடியத் திறந்து எடுத்தா சரியாயிடும்."

"இத ஏன் இதுவரைக்கும் சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

உரையாசிரியர் எழுதினார். முதலில் எச்சரிக்கை: 'கீழே ஒரு தட்டை வைத்துவிட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, மூடியை மெதுவாகத் திறக்கவும்.' பிறகு வழி. அதற்கப்புறம் சட்டைப் பைகளைப் பற்றி ஒரு கேள்வி. எழுத எழுத, கம்பெனிக்கு விசுவாசமில்லாத ஆள் ஆகிவிட்டோமோ என்றிருந்தது. சர்வீஸ் மேனேஜரிடம் கையெழுத்துக்கு அனுப்பினார். மேனேஜர் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

மெஷின் விற்பனைக்கு வந்து சில மாதம் கழித்து எல்லோரையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். சர்வீஸ் மேனேஜர் படபடப்பாக இருந்தார். புது மெஷினுக்குச் சேவை கேட்டு வரும் அழைப்புகள் பாதியாகக் குறைந்துவிட்டன என்றார். இந்த மாதிரி நடந்ததே இல்லை என்றார். உரையாசிரியர் ஒப்புக்கொண்டுவிடலாம் என்று நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"இதுக்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும்" என்றார் பெரிய முதலாளி. "மெஷின் தரம். தொழிற்சாலைத் தலைவர் மேடைக்கு வரணும்."

தொழிற்சாலைத் தலைவர் மேடைக்குப் போய், ஒரு கேடயத்தை வாங்கிக்கொண்டு, இது என் ஒருவனின் உழைப்பல்ல என்றார். அது உண்மை. பாதி எழுந்த உரையாசிரியரும் முழுக்க எழுந்து நின்று கைதட்டினார்.

வெளியே வரும்போது சர்வீஸ் மேனேஜர் அவர் தோளைத் தட்டினார். "அடுத்து ஃபிரிட்ஜ் வருது. புதுசா எதுவும் எழுதி டைம் வேஸ்ட் பண்ணாதீங்க. போன தடவ வாஷிங் மெஷினுக்கு எழுதினீங்கல்ல, அதே மாதிரி எழுதிடுங்க. எப்படியும் யாரும் படிக்கப்போறதில்ல."

"சரி சார். அதே மாதிரியே எழுதிடறேன்" என்றார் உரையாசிரியர்.

தம் மேசைக்குப் போகாமல் படியிறங்கித் தொழிற்சாலைக்குள் போனார். அங்கே அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. கிடங்குக்காரரிடம் தாம் யார் என்று சொல்லி, ஒரு ஃபிரிட்ஜ் வேண்டும் என்றார்.

"வீட்டுக்கா சார்?"

"இல்ல. இங்கயே கழற்றிப் பாக்கணும். அத எப்படிக் கழற்றணும்னு ஏதாவது புத்தகம் இருக்கா?"

கிடங்குக்காரர் இழுப்பறையைத் துழாவி, பெட்டிக்குள் போடுகிற சின்னப் புத்தகம் ஒன்றை எடுத்துத் தட்டிக் கொடுத்தார். உரையாசிரியர் அதை மரியாதையாக வாங்கி, திறக்காமலேயே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ஸ்க்ரூடிரைவராவது இருக்கா?" என்று கேட்டார்.